மைக் செட் முத்துப்பாண்டி கொடுத்த பேர்

செக்கானூரணியிலிருந்து உசிலம்பட்டி வரைக்கும் எந்த மண்டபத்தில் காது குத்தினாலும் முத்துப்பாண்டியின் குரல் கேட்காமல் விசேஷம் களை கட்டாது. ஆளைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒடிசலான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். நேரில் பேச்சும் கம்மிதான். மைக்கைக் கையில் எடுத்தால் மட்டும் வேறு மனுஷன் ஆகிவிடுவார்.

அந்தக் குரலைக் கண்டுபிடித்தது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு. பத்தாவது தேறாமல் வீட்டில் அடிக்குப் பயந்து மதுரைக்கு ஓடிப்போனவர், பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் வேலையில் நின்றுவிட்டார். "தேனி, கம்பம், குமுளி" என்று அவர் ஒரு மூலையில் கூப்பிட்டால் மறுமூலையில் டீ குடிப்பவன் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவானாம். செக்கானூரணியில் மைக் செட் வைத்திருந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "இந்தக் குரல ஏன்டா டீசல் பொகையில நாசமாக்குற?" என்று கையோடு கூட்டி வந்தார். அவர் காலத்துக்குப் பிறகு செட்டும் கடையும் முத்துப்பாண்டி கைக்கு வந்தன.

இந்தப் பக்கத்து மொய்யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மற்ற ஊர்களில் மொய் என்பது கவருக்குள் வைத்துக் கமுக்கமாகக் கையில் திணிப்பது. இங்கே அதற்குச் செய்முறை என்று பேர். யார் செய்தது, எவ்வளவு செய்தது என்பதை மைக்கில் ஊரறியச் சொல்ல வேண்டும். வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. மைக்கில் சொன்ன சொல்தான் பத்திரம். அதனால் பேரையோ தொகையையோ மாற்றிப் படித்துவிட்டால் மண்டபத்தில் நாற்காலி பறக்கும். வேறொரு மைக் செட்காரர் ஐயாயிரத்தை ஐநூறு என்று படித்துவிட்டு, பந்தி முடியும் முன்னே பின்வாசல் வழியாக ஓடிய கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். முத்துப்பாண்டி அப்படிப் படித்ததே இல்லை. கொடுத்தவரிடம் ஒரு தடவை தாழ்ந்த குரலில் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் மைக்கில் சொல்வார். "முத்துப்பாண்டி சொல்லிட்டான்னா சரியாத்தான் இருக்கும்" என்பது அந்த வட்டாரத்தில் சாதாரணப் பேச்சு. இந்தக் கதையில் அந்தப் பேச்சுதான் எமனாக வந்தது.

ஆனி மாதக் கடைசியில் நாகஜோதி தன் இரண்டு பையன்களுக்கும் காது குத்தினாள். அவள் புருஷன் காளை லோடு வேன் ஓட்டியவன். வாடிப்பட்டி ரோட்டில் விபத்தில் செத்துப்போய் மூன்று வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்த காலத்தில் அவன் செய்முறை செய்யாத வீடு கிடையாது. கையில் இல்லாவிட்டாலும் கடன் வாங்கிச் செய்வான். அப்படிச் செய்த செய்முறைகளெல்லாம் இப்போது திரும்பி வரும், அதை வைத்து ஒத்திக்குக் கொடுத்த ஒன்றரை ஏக்கர் நிலத்தைத் திருப்பிவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு. அந்த நிலத்தை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

விசேஷத்தில் ஒரு சங்கடம் வந்தது. முதல் செய்முறை தாய்மாமனுடையது. நாகஜோதிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. மொய் எழுதுகிறவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "தாய்மாமன் யாரு?" என்று கேட்டார். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முத்துப்பாண்டி யாரையும் கேட்கவில்லை. தூரத்து உறவில் அவள் அவருக்குத் தங்கச்சி முறை. சட்டைப் பையிலிருந்து அன்றைக்கு வாங்கியிருந்த மைக் செட் அட்வான்ஸை அப்படியே எடுத்துப் பலகையில் வைத்துவிட்டு, மைக்கை வாய்க்கு நேரே பிடித்தார்.

"தாய்மாமன் செய்முறை. செக்கானூரணி, முத்துப்பாண்டி."

மண்டபமே கை தட்டியது. நாகஜோதி அழுதுவிட்டாள். உண்மையைச் சொல்வதென்றால் முத்துப்பாண்டிக்கும் அன்றைக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைதான். வீட்டில் மனைவி தமிழ்ச்செல்வி, "அட்வான்ஸ் எங்க?" என்று கேட்க, ஒரு வாரம் வசவு வாங்கினார். அதையும் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டார்.

அடுத்து ஆடி பிறந்தது. ஆடியில் இங்கே யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். ஒத்திக்காரர், "ஆவணி பொறக்கட்டும்மா, மொத நாளே முடிச்சுக்கிருவோம்" என்று சொல்லிவிட்டார். வீட்டில் வைத்திருக்கப் பயந்து நாகஜோதி பணத்தை பேங்கில் போட்டாள். மண்டபங்களும் பூட்டிக் கிடந்தன. முத்துப்பாண்டி கடையில் உட்கார்ந்து பழுதான ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பொழுதை ஓட்டினார்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது.

"மிஸ்டர் முத்துப்பாண்டி? வருமான வரித்துறை, விசாரணைப் பிரிவிலேருந்து பேசுறேன். லைனைக் கட் பண்ணாதீங்க. இந்தக் கால் ரெக்கார்டு ஆயிட்டிருக்கு."

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து முத்துப்பாண்டி சிரிக்கப் பார்த்தார். அந்த ஆள், "இதக் கேளுங்க" என்று ஒன்றைப் போட்டுக் காட்டினான். போனுக்குள்ளிருந்து முத்துப்பாண்டியின் குரலே வந்தது. "கருமாத்தூர், பெரியகருப்பன் மகன் ஜெயக்கொடி, இருபத்தஞ்சாயிரம்." ஏதோ ஒரு விசேஷத்தை எந்தப் பையனோ வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் பரப்பியிருந்தான். பின்னால் தொங்கிய பிளக்ஸில் கடைப் பேரும் போன் நம்பரும் கொட்டை எழுத்தில் இருந்தன. அதையெல்லாம் யோசிக்கும் நிலையில் அவர் இல்லை. தன் குரலையே சாட்சியாக வைத்துத் தன்னை மிரட்டினால் யாருக்குத்தான் பயம் வராது?

"இது யார் குரல்?"

"எங்குரல்தான் சார்."

"எத்தனை மண்டபம், எத்தனை கோடி ரொக்கம் உங்க வாயால அறிவிச்சிருக்கீங்க? ஒரு பைசாவுக்கு வரி கட்டியிருக்காங்களா? கறுப்புப் பணத்துக்கு மைக் புடிச்சிருக்கீங்க நீங்க."

செய்முறைப் பணத்துக்கு வரி உண்டா இல்லையா என்று இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. "ஒரு நாளைக்கு இன்கம்டாக்ஸ்காரன் வந்து நிக்கப் போறான் பாரு" என்று எதிர்த்த டீக்கடை நல்லகாமன் கேலி பேசுவான், எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அடியில் எல்லாருக்கும் ஒரு பயம் இருந்தது. அதை எவனோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு சரியாக மோப்பம் பிடித்துவிட்டான்.

வீடியோவைப் போடச் சொன்னான். போட்டால், டை கட்டிய ஒரு ஆள். பின்னால் தேசியக் கொடி, சுவரில் சர்க்கார் முத்திரைச் சிங்கம். அந்தச் சிங்கத்தை எந்தத் தட்டியில் அச்சடித்து மாட்டியிருந்தானோ, படுபாவி. முத்துப்பாண்டி கொடியைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். அப்புறம் முழு நேரமும் நின்றுகொண்டேதான் பேசினார்.

"உங்களச் சாட்சியாச் சேர்க்குறதா, குற்றவாளியாச் சேர்க்குறதான்னு இப்ப முடிவு பண்ணணும். போன மாசம் பெரிய தொகை வந்த விசேஷம் ஒண்ணு சொல்லுங்க. பேரு, போன் நம்பர். அது போதும். நாங்க விசாரிச்சுக்கிறோம். உங்க பேரு எங்கயும் வராது."

பெரிய தொகை என்றால் செங்கல் சூளை சேம்பர் முதலாளி விருமாண்டிதான். ஆனியில் அவர் வைத்த விசேஷத்தில் பேர் படித்துப் படித்துத் தொண்டை கட்டியது. விருமாண்டி என்ற பேர் முத்துப்பாண்டியின் நாக்கு வரைக்கும் வந்தது. வந்ததும் கூடவே விருமாண்டியின் முகமும் வந்தது. காட்டிக் கொடுத்தது யார் என்று விருமாண்டி மோப்பம் பிடிக்காமல் இருக்க மாட்டார். பிடித்தால் கடை இருக்காது, செட்டு இருக்காது, முத்துப்பாண்டியின் காலும் கையும் இருந்த இடத்தில் இருக்காது.

அவர் நாகஜோதி பேரைச் சொன்னார். நம்பரையும் சொன்னார்.

சொல்லும்போதே மனசு ஒரு சமாதானத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பாவப்பட்ட பொம்பளை, புருஷன் இல்லாதவள், அதிகாரிகள் நேரில் பார்த்தால் விட்டுவிடுவார்கள். "தேங்க் யூ சார்" என்று சொல்லி அந்த ஆள் போனை வைத்தான். அன்று மத்தியானம் முத்துப்பாண்டி நன்றாகவே சாப்பிட்டார். தமிழ்ச்செல்வியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாகஜோதிக்கு ஒரு போன் போட்டு, "தாயி, இப்படி ஒரு ஆள் விசாரிக்கிறான், சூதானமா இரு" என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு போன் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. சொன்னால் பேரைக் கொடுத்ததையும் சொல்ல வேண்டுமே என்று போடவில்லை.

அந்த வாரமே நல்லகாமன் கிளாஸ் கழுவுகிற கையோடு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தான்.

"மாப்ள, காளை பொண்டாட்டி மோசம் போயிருச்சுடா. இன்கம்டாக்ஸுன்னு எவனோ போன்ல பேசி, செய்முறைப் பணம் அம்புட்டையும் வழிச்செடுத்துட்டான்."

முத்துப்பாண்டி கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் பலகையில் விழுந்தது. பலகை கருகும் வாடை வந்த பிறகுதான் எடுத்தார்.

நடந்தது இதுதான். இரண்டு நாள் அவளைப் போனை வைக்கவே விடாமல் மிரட்டியிருக்கிறார்கள். பணத்தைச் சர்க்கார் கணக்குக்கு அனுப்பி வை, சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவோம், யாரிடமாவது மூச்சு விட்டால் பிள்ளைகளை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு உன்னை உள்ளே வைப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். பேங்கில் இருந்த பொண்ணு, "யாருக்கும்மா இம்புட்டுப் பணம் அனுப்புறீங்க?" என்று கேட்டும், அவர்கள் சொல்லிக்கொடுத்தபடியே நாகஜோதி, "சொந்தக்காரங்களுக்கு, நெலம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இரவுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து முத்துப்பாண்டி மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். தமிழ்ச்செல்வி கேட்டு முடித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"இந்தா பாருங்க, இத எங்கிட்டச் சொன்னதோட விட்டுருங்க. வெளிய தெரிஞ்சா எவனும் நம்ம செட்டக் கூப்புட மாட்டான். அந்தப் புள்ளைக்கு ஆனத உதவி செய்ங்க. வாயத் தொறந்து என்ன ஆகப் போகுது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவரை வதைத்தது.

மறுநாள் நாகஜோதியை மதுரைக்குக் கூட்டிப்போனது முத்துப்பாண்டியும் நல்லகாமனும்தான். சைபர் கிரைம் போலீசில் ஒரு அதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "எந்த ஆபீசரும்மா வீடியோவுல வந்து பணத்த அனுப்புங்கறான்? வரி பாக்கின்னா நோட்டீஸ் வரும். உடனே வந்திருந்தா பணத்த நிறுத்தியிருக்கலாம். இப்ப எத்தன கை மாறுச்சோ, பாப்போம்" என்றார். பிறகு கேட்டார்: "சரி, உங்க விசேஷத்தப் பத்தி அவனுக்கு எப்படித் தெரிஞ்சது? உங்க நம்பர யாரு குடுத்தது?"

நாகஜோதி குனிந்து தன் செருப்பையே பார்த்தாள்.

"தெரியல சார்."

முத்துப்பாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததை நினைத்து அவருக்கே தன் மேல் அருவருப்பாகவும் இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் எடுத்தார், பையன்களுக்கு ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பணம் போன துக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆவணி பிறந்தது. ஒத்திக்காரர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நிலத்தில் தானே உழவு போட்டார். நாகஜோதி நூறு நாள் வேலைக்கும், வேலை இல்லாத நாளில் விருமாண்டியின் சேம்பரில் கல் சுமக்கவும் போனாள். பணம் கிடைத்ததாகப் போலீசிலிருந்து தகவல் ஒன்றும் இல்லை.

ஆவணியில் முதல் விசேஷம் நல்லகாமனுடையது, பேரப் பிள்ளைகளுக்குக் காதுகுத்து. முத்துப்பாண்டிதான் செட்டு. மண்டபத்துக்குள் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, வெளியே வாசலுக்கு ஒன்றும் பஸ் ஸ்டாப்புப் புளியமரத்துக்கு ஒன்றுமாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டினார். வழக்கம்போல் மொய்ப் பலகைக்குப் பக்கத்தில் நின்று பேர் படித்தார். குரல் என்னவோ முன்னைப்போல் எழவில்லை. "தொண்ட கட்டியிருக்கா மாப்ள?" என்று நல்லகாமன் பனங்கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தான்.

வரிசையில் நாகஜோதி நின்றிருந்தாள்.

அவரால் நம்ப முடியவில்லை. ஆனியில் நல்லகாமன் அவளுக்குச் செய்தது உண்மை. ஆனால் இந்த நிலைமையில் அவள் திருப்பிச் செய்யாவிட்டால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். நல்லகாமனே, "நீ வந்து சாப்புட்டுப் போனாப் போதும் தாயி" என்று சொல்லியிருந்தான். அவள் காதில் எப்போதும் கிடக்கும் தோடு இல்லை. அதன் இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது.

மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு முத்துப்பாண்டி குனிந்தார். "ஏன் தாயி இப்பப் போயி? யாரு கேட்டா ஒன்னய?"

"வாங்குனத மைக்குல ஊருக்கே சொன்னீகள்ல. குடுக்குறதையும் சொல்லுங்க" என்றாள் நாகஜோதி. பணத்தைப் பலகையில் வைத்தாள். வாங்கியதற்கு மேல் ஐநூறு கூடவே இருந்தது.

"போலீசுல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லண்ணே." பின்னால் நின்றவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "நான் மொதல்ல அவன நம்பல. போன வச்சிட்டேன். திரும்பக் கூப்புட்டு, மைக் செட் முத்துப்பாண்டிதான் ஒம் பேரக் குடுத்தாருன்னான். அண்ணே சொல்லியிருந்தா நெசமாத்தான் இருக்கும்னு நெனச்சேன். நீங்கதான் ஒரு நாளும் பேரத் தப்பாச் சொல்ல மாட்டீகளே."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள். சாப்பாட்டுப் பக்கம் திரும்பவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் அவள் செருப்பைப் பார்த்தது, பஸ்ஸில் பேசாமல் வந்தது எல்லாம் முத்துப்பாண்டிக்கு இப்போதுதான் விளங்கின. மொய் எழுதுகிறவர் முழங்கையால் தட்டி, "படிங்கண்ணே, ஆளுக நிக்கிறாங்க" என்றார். முத்துப்பாண்டி மைக்கைத் தூக்கினார்.

"புளியங்குளம், காளை மனைவி நாகஜோதி. ஐயாயிரத்து ஐநூறு."

அடுத்த ஆள் பணத்தை நீட்டினார். முத்துப்பாண்டி அதைப் பார்க்கவே இல்லை. மைக் இன்னும் வாய்க்கு நேரேதான் இருந்தது.

"செக்கானூரணி, முத்துப்பாண்டி" என்றார். கூட்டம் அவரும் மொய் செய்கிறார் என்று நினைத்தது. "நாகஜோதி பேரையும் நம்பரையும் அந்தக் களவாணிப் பயலுக்குக் குடுத்தது நான்தான். என்னயத் தூக்கிருவேன்னு பயங்காட்டுனான். நான் தப்பிக்கிறதுக்காக அந்தப் புள்ளையச் சொல்லிட்டேன். அது ஏமாந்தது அதோட புத்திக் கொறைவால இல்ல. எம் பேரச் சொல்லித்தான் அவன் ஏமாத்தியிருக்கான். யாருக்காச்சும் இப்படிப் போன் வந்தா வச்சிருங்க. யார் பேரச் சொன்னாலும் வச்சிருங்க. எம் பேரச் சொன்னாலும்."

பந்தியில் சாம்பார் வாளியோடு ஒருவன் அப்படியே நின்றான். நல்லகாமன் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கினான். "எம் பேரப் புள்ளைக விசேஷத்துல வச்சு ஏன்டா மாப்ள இப்படி?" என்றவனுக்குக் கண் கலங்கியிருந்தது. கோபமா துக்கமா, அவனுக்கே தெரியாது. முன்வரிசையிலிருந்து விருமாண்டி எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். யாரோ ஒரு பெண், "தாய்மாமன்னு சொன்ன வாயி" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சொன்னாள்.

முத்துப்பாண்டி வெளியே வந்தார். பஸ் ஸ்டாப்பில், புளியமரத்துக் குழாய்க்கு நேர் கீழே நாகஜோதி நின்றிருந்தாள். உசிலம்பட்டி பஸ் ஒன்று அப்போதுதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தது. அவள் அதில் ஏறவில்லை.

அவர் கிட்டே போனதும் அவளே கேட்டாள்.

"எத்தன விசேஷம் படிச்சீக ஆனியில. அம்புட்டுப் பேர்ல எம் பேர ஏண்ணே சொன்னீக?"

மைக்கில் அவர் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். இப்போதும் வேறு எதையாவது சொல்லித் தப்பிக்கலாம். பயத்தில் வாய்க்கு வந்தது என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். அவர் சொன்னால் அவள் எதையும் நம்பிவிடுவாள்.

"விருமாண்டி பேருதான் தாயி மொதல்ல வாயில வந்துச்சு. சொன்னா உரிச்சுருவாருன்னு பயம். ஒனக்குன்னு வந்து கேக்குறதுக்கு ஆள் இல்லன்னு..." நாலு ஊருக்குக் கேட்கிற குரல் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காமல் நின்றுபோனது.

நாகஜோதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவள் அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"எனக்கு ஆளுன்னு மைக்குல சொன்னது நீங்கதானண்ணே" என்றாள்.

அடுத்த பஸ் வந்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். முத்துப்பாண்டி பஸ் போகும் வரை நின்றுவிட்டு, புளியமரத்தில் ஏறிக் குழாயை அவிழ்க்க ஆரம்பித்தார்.